ஃப்ரீசர் கதவு சரியாக மூடவில்லையா? கடலூர், புதுச்சேரி வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், நம் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அதற்கு முந்தைய வாரங்களில் முதுநகரிலும் தேங்காய்த்திட்டிலும் வாங்கிய வஞ்சிரமும் இறாலும் வீட்டு ஃப்ரீசர்களில் குவியும். "கதவு மூட மாட்டேங்குது, ரப்பர் மாத்தணும், வர்றீங்களா?" என்ற போனும் அப்போதுதான் அதிகம் வரும்.

இங்கே பேசுவது பீரோ மாதிரி நிற்கிற ஃப்ரீசரைப் பற்றி. மேல்மூடி உள்ள பெட்டி ஃப்ரீசரில் மூடி சரியாக உட்காராவிட்டாலும் குளிர்காற்று கனமானது என்பதால் பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடும். நிற்கிற ஃப்ரீசரில் அந்தச் சலுகை கிடையாது. கீழே ஒரு இடுக்கு இருந்தால் குளிர் அதன் வழியே வழிந்து வெளியே போகும், மேலே ஒரு இடுக்கு இருந்தால் அதன் வழியே வெளிக்காற்று உள்ளே வரும்.

கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் ரப்பரைத்தான் குற்றம் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை ரப்பர் நன்றாக இருந்து, வேறு ஏதோ ஒன்று கதவைத் தடுத்த வீடுகள்தான் அதிகம். அதனால் காசு செலவில்லாத வேலைகளை முதலில் சொல்லிவிட்டு, ரப்பர் மாற்றுவதைக் கடைசிப் பக்கம் வைத்திருக்கிறேன்.

கதவு பார்வைக்கு மூடித்தான் இருக்கிறது. காற்று போகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாதி உள்ளே, பாதி வெளியே இருக்கும்படி வைத்துக் கதவைச் சாத்தி, மெதுவாக இழுத்துப் பாருங்கள். பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தால் அந்த இடம் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே ரப்பர் ஒட்டவில்லை. இப்படி ஒரு சாணுக்கு ஒரு சாண் தள்ளி, நான்கு பக்கமும் சுற்றி வாருங்கள். கீல் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. அங்கேயும் பாருங்கள். தளர்ந்த இடங்களில் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டால் பின்னால் உதவும்.

இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியும் பார்க்கலாம். வெள்ளை ரப்பராக இருந்தால் முழுக்கவே லேசாக ஒளிரும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கீற்றாக வெளிச்சம் வரும் இடம்தான் கணக்கு.

இரண்டும் வேண்டாம் என்றால் காலையில் எழுந்ததும் கதவின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். எல்லா இடமும் காய்ந்திருக்க, ஒரே ஒரு இடம் மட்டும் வியர்த்திருந்தால் இடுக்கு அங்கேதான்.

உள்ளே பனி மலையாக் கட்டுது. கேஸ் குறைஞ்சிருக்கும்னு சொல்றாங்களே?

கேஸ் அடிக்கப் பணம் கொடுப்பதற்கு முன்னால் இந்தப் பதிலைப் படித்துவிடுங்கள்.

கடலோரத்தில் நம் காற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது கணக்குப் பார்த்தால்தான் புரியும். 30 டிகிரி வெப்பத்தில், ஈரப்பதம் 75 சதவீதம் இருக்கும்போது, ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 23 கிராம் நீராவி இருக்கும். ஃப்ரீசருக்குள் மைனஸ் 18 டிகிரியில் அதே அளவு காற்றால் ஒரு கிராம்தான் தாங்க முடியும். மீதி 22 கிராமும் பனியாக எங்கேயாவது ஒட்டியாக வேண்டும். கதவைத் திறந்து மூடும்போது உள்ளே போகிற காற்று கொஞ்சம்தான். 200 லிட்டர் ஃப்ரீசரில் மொத்தக் காற்றும் மாறினால்கூட நாலைந்து கிராம் பனிதான் சேரும். ஆனால் ஓர் இடுக்கு இரவும் பகலும் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். பனி மலையாகக் கட்டுவது அப்படித்தான்.

கேஸ் குறைந்த ஃப்ரீசரின் முகம் வேறு. அங்கே பனி கூடாது, குறையும். ஒரு தட்டில் மட்டும் பனி இருக்கும், மற்ற தட்டுகள் வெறுமையாக இருக்கும், ஐஸ் கட்டி இறுகாது. கதவுக் கோளாறு என்றால் பனி கதவை ஒட்டிய முன்பக்கத்தில், குறிப்பாக மேல் மூலையில், பூப்பூவாகச் சேரும். ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகையில் பின் சுவரில் மட்டும் கெட்டியாகக் கட்டினால், அது பெரும்பாலும் பனி உருக்கும் ஹீட்டர் வேலை செய்யாததால் வருவது. அதற்கு மெக்கானிக்தான் வேண்டும்.

அந்தப் பனியே கதவைத் தடுக்குமா?

தடுக்கும். இதுதான் நான் அதிகம் பார்க்கும் காரணம். சிறிய இடுக்கால் பனி சேரும். பனி சேர்ந்தால் ட்ரே முழுசாக உள்ளே போகாது. ட்ரேயின் முனை கதவின் உள்பக்கத்தில் இடிக்கும், இடுக்கு பெரிதாகும், இன்னும் பனி சேரும். வெளியிலிருந்து பார்த்தால் கதவு மூடியிருப்பதாகவே தெரியும்.

பனியை முழுக்க இறக்காமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை. பிளக்கைப் பிடுங்குங்கள். மீனையும் கறியையும் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு வையுங்கள். மீன் கடைக்காரரிடம் கேட்டால் பெட்டி கொடுப்பார். கதவை விரியத் திறந்து, அடித்தட்டில் பழைய துண்டுகளைப் போட்டு, ஒரு பேசினில் சுடுதண்ணீர் வைத்து, எதிரே மேஜை ஃபேனைப் போட்டுவிட்டால் சில மணி நேரத்தில் பாளம் பாளமாகக் கழன்று விழும்.

கத்தி, ஸ்க்ரூ டிரைவர், தோசைக் கரண்டி எதுவும் வேண்டாம். நிற்கிற ஃப்ரீசரில் பல மாடல்களில் தட்டே குளிர்க் குழாய்தான். ஒரு குத்து, ஒரு உஸ் சத்தம், அதோடு ஃப்ரீசர் முடிந்தது. இப்போது வரும் பல ஃப்ரீசர்களில் இருப்பது ஆர்600ஏ என்ற தீப்பிடிக்கும் கேஸ். கம்ப்ரசர் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் எழுதியிருக்கும்.

பனி இறங்கியதும் அடியில் இருக்கும் வடிகால் துளையைப் பாருங்கள். மீன் செதில் அடைத்திருந்தால் தண்ணீர் வடியாமல் கீழேயே உறைந்து மறுபடி கதவை முட்டும்.

மூடிய உடனே திறக்க முடியவில்லை. கதவு மாட்டிக்கொண்டதா?

இல்லை, உங்கள் ரப்பர் நன்றாக இருக்கிறது. உள்ளே போன சூடான காற்று குளிர்ந்து சுருங்குவதால் கதவு உள்நோக்கி இழுக்கப்படுகிறது. ஓரிரு நிமிடம் பொறுத்துத் திறங்கள். அவசரத்தில் கரண்டிக் காம்பை விட்டு நெம்பினால் நல்ல ரப்பரும் கிழியும்.

சாத்தினால் திரும்ப ஒரு விரல் அகலம் திறந்துகொள்கிறது.

வேகமாக அறைந்து சாத்துகிறீர்களா என்று முதலில் பாருங்கள். அறைந்தால் உள்ளே அமுங்கிய காற்று கதவைத் திருப்பித் தள்ளும். மெதுவாகத் தள்ளி, கடைசியில் கையால் அழுத்திவிடுங்கள். ட்ரே முழுசாக உள்ளே போயிருக்கிறதா, வஞ்சிரத் துண்டு வைத்த கவரின் காது ரப்பருக்கு நடுவே மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், பாதி போன்கள் இதோடு முடிந்துவிடும்.

அது எதுவும் இல்லையென்றால் ஃப்ரீசர் நிற்கும் விதத்தில் கோளாறு. அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

மழைத் தண்ணீர் வருமென்று செங்கல் மேல் தூக்கி வைத்தோம். அதிலிருந்துதான் கதவு சரியில்லை.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, அதன் பிறகு தென்பெண்ணையிலும் வெள்ளம் வந்த பின், இரண்டு ஊரிலும் தாழ்வான தெருக்களில் நிறைய ஃப்ரீசர்கள் செங்கல் மேலும் பலகை மேலும் ஏறிவிட்டன. தூக்கி வைத்தது நல்ல யோசனை. நான்கு செங்கலும் ஒரே மட்டத்தில் இல்லாததுதான் பிரச்சினை.

ஒரு கால் மட்டும் தாழ்ந்தால் ஃப்ரீசர் பெட்டியே லேசாக முறுக்கிக்கொள்ளும். பெட்டி முறுக்கினால் கதவு உட்காரும் சட்டமும் முறுக்கும். அடையாளம் என்னவென்றால், நோட்டு எதிரெதிர் மூலைகளில் வழுக்கும். மேல் இடது மூலையும் கீழ் வலது மூலையும் தளர்ந்து, மற்ற இரண்டும் இறுக்கமாக இருந்தால், ரப்பரைத் தொடவே தொடாதீர்கள்.

பெட்டியின் இரண்டு எதிர் மூலைகளைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் எந்தக் கால் தரையில் படவில்லை என்று தெரிந்துவிடும். செங்கலுக்கும் காலுக்கும் நடுவே மெல்லிய ஓட்டுத் துண்டோ பழைய டைல்ஸ் துண்டோ கொடுத்து ஆட்டத்தை நிறுத்துங்கள். நான்கு தனிச் செங்கலைவிட, செங்கல் மேல் கனமான ஒரே பலகை போட்டு அதன் மேல் ஃப்ரீசரை வைப்பது எவ்வளவோ மேல். சக்கரம் வைத்த பிளாஸ்டிக் ஸ்டாண்டும் இதே வேலையைக் காட்டும். முழு மீன் ஏற்றிய ஃப்ரீசரின் எடையில் நடுவில் வளைந்துவிடும். சாதாரண ஃப்ரிட்ஜுக்கு வாங்கிய ஸ்டாண்டை ஃப்ரீசருக்கு மாற்றிப் போடாதீர்கள்.

ஆட்டம் நின்றதும் முன்கால்களைத் திருகி, பின்பக்கத்தைவிட முன்பக்கம் அரை சென்டிமீட்டர் உயரமாக இருக்கும்படி வையுங்கள். கதவைப் பாதி திறந்து கையை எடுத்தால் அது தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் தரையைத் தண்ணீர் ஓடுவதற்காக வாசல் பக்கம் வாட்டம் கொடுத்துத்தான் போடுவார்கள். ஃப்ரீசரின் முகம் அந்தப் பக்கமே பார்த்தால் கதவு திறக்கும் திசையில்தான் ஓடும்.

வெள்ளத் தண்ணீர் கம்ப்ரசர்வரை ஏறியிருந்தால் மேலே சொன்ன எதையும் செய்வதற்கு முன் பிளக்கைப் பிடுங்கி, ஆளை வரவழைத்துப் பார்த்த பிறகுதான் சுவிட்ச் போட வேண்டும்.

ரப்பரை எதைக்கொண்டு துடைப்பது?

வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் லிக்விட் ரெண்டு சொட்டு, பழைய டூத் பிரஷ். ரப்பரின் மடிப்பை விரலால் பிரித்து உள்ளே தேய்க்க வேண்டும், அழுக்கு அங்கேதான் இருக்கிறது. மீன் தண்ணீர் காய்ந்த பொருக்கு, கடற்காற்றில் வந்த உப்புத் தூசி, கரப்பான் முட்டை எல்லாம் அதற்குள்தான் குடியிருக்கும். பெட்டிப் பக்கம் ரப்பர் படும் இரும்பு விளிம்பையும் துடையுங்கள். கடைசியில் சுத்தமாகக் காயவிட்டுத்தான் மூட வேண்டும், ஈரத்தோடு மூடினால் ரப்பர் விளிம்போடு உறைந்து ஒட்டிக்கொள்ளும்.

பிளீச்சிங் பவுடர், மண்ணெண்ணெய், தின்னர் மூன்றும் ரப்பரைக் கெடுக்கும்.

பண்ருட்டிப் பலாச்சுளை ஃப்ரீசரில் வைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. பலாப்பால் பட்ட கையோடு கதவைத் திறந்தால் அந்தப் பிசின் ரப்பரில் ஒட்டி, தூசி சேர்ந்து, பார்க்கக் கிழிசல் போலவே இருக்கும். சோப்புக்கு அது மசியாது. கைக்குச் செய்வதைத்தான் ரப்பருக்கும் செய்ய வேண்டும்: தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் துடைத்து, பிசின் வந்ததும் சோப்புத் தண்ணீரால் எண்ணெயை முழுக்க எடுத்துவிடுங்கள்.

ரப்பர் ஒரு இடத்தில் உள்ளே அமுங்கிப்போய்க் கிடக்கிறது. மாற்றித்தான் ஆக வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம். ரப்பர் என்று சொன்னாலும் அது பெரும்பாலும் காந்தப் பட்டை வைத்த பிளாஸ்டிக்தான். சூடு பட்டால் இளகும். ஃப்ரீசரை அணைத்துவிட்டு, சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை அந்த இடத்தில் சில நிமிடம் வைத்து, இளகியதும் விரலால் வெளியே இழுத்து நிமிர்த்துங்கள். ஹேர் டிரையர் இருந்தால் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காட்டலாம். நிமிர்ந்ததும் கதவைச் சாத்தி, ஆறும்வரை திறக்காதீர்கள். மெழுகுவத்தி, லைட்டர் கிட்டேயே வரக்கூடாது.

வாஸ்லின் தடவினால் ஒட்டும் என்கிறார்களே?

ஒட்டாது. ஒட்ட வைப்பது காந்தம். ஆனால் கீல் பக்கத்தில் ரப்பர் விளிம்போடு உரசி உருண்டுகொள்கிற ஃப்ரீசர்களில், அந்தப் பக்கம் மட்டும் கைக்குத் தெரியாத அளவு மெல்லிசாகத் தடவினால் வழுக்கிக்கொண்டு நேராக உட்காரும். கொஞ்சம் முகப்பவுடரும் அதே வேலை செய்யும். நாலு பக்கமும் அப்பினால் தூசிதான் சேரும்.

கதவு ஒரு பக்கம் தொங்குகிற மாதிரி இருக்கிறது.

கைப்பிடிப் பக்கம் மேல் மூலை தளர்ந்து, கீழே ரப்பர் உரசினால் கீல்தான். கதவு அலமாரியில் இருக்கும் கனத்தை இறக்கிவிட்டு, கதவைச் சாத்திய நிலையில் மேல் கீலின் மூடியைக் கழற்றி, ஸ்க்ரூக்களை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். ஒருவர் கைப்பிடிப் பக்கத்தை மேலே தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் இறுக்க வேண்டும். தனியாளாகச் செய்யாதீர்கள்.

அப்படியும் தொங்கினால் கீழ்க் கீலில் கதவு உட்காரும் நைலான் புஷ் தேய்ந்திருக்கும். சின்னச் சாமான், விலையும் குறைவு. கடலுக்குப் பக்கத்துத் தெருக்களில், தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் பக்கமெல்லாம், அந்தக் கீழ்க் கீலின் இரும்பு முளையே துருப்பிடித்துப் போயிருப்பதையும் பார்க்கலாம். அப்போது கீலையே மாற்ற வேண்டும்.

பெட்டியின் விளிம்பில் துரு கொப்புளம் போல வந்திருக்கிறது.

உப்புக் காற்றின் வேலை. புது ரப்பரே போட்டாலும் அந்தக் கொப்புளத்தின் மேல் காந்தம் உட்காராது. மெல்லிய எமரித் தாளால் தேய்த்துச் சமமாக்கி, பிரைமர் ஒரு கோட், பெயின்ட் ஒரு கோட் மெல்லிசாக அடித்து, நன்றாகக் காயவிடுங்கள். தடித்து அடித்தால் காந்தப் பிடி குறையும். துரு ஓட்டை விழுந்திருந்தால் உள்ளே இருக்கும் ஃபோம் ஈரம் குடித்திருக்கும். அந்த ஃப்ரீசருக்குச் செலவு செய்யாதீர்கள்.

கதவைச் சுற்றி இரும்புச் சட்டம் சுடுகிறது. காற்று போவதாலா?

பல ஃப்ரீசர்களில் அங்கே வியர்க்கக்கூடாது என்பதற்காகவே சூடான குழாயைச் சட்டத்துக்குள் ஓட்டியிருப்பார்கள். இளஞ்சூடு சகஜம். ஆனால் கை வைக்க முடியாத சூடு என்றால் கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடுகிறது என்று பொருள், நோட்டை எடுத்துச் சோதிக்கத் தொடங்குங்கள்.

சின்னக் கிழிசல்தான். ஃபெவிக்விக் போட்டு ஒட்டிவிடலாமா?

அது காய்ந்தால் கல்லாகிவிடும். ரப்பர் வளையும் இடத்தில் கல் இருந்தால் பக்கத்திலேயே அடுத்த கிழிசல் விழும். வெளி மடிப்பில் சின்னக் கீறல் என்றால் சிலிக்கான் பசையைக் கொஞ்சம் தடவி ஒரு நாள் காயவிட்டு ஓட்டலாம். காந்தப் பட்டை வெளியே தெரிகிற கிழிசல் என்றால் மாற்றுவதுதான் வழி.

சரி, ரப்பர் மாற்றியே ஆக வேண்டும். எதைக் கேட்டு வாங்குவது, நானே போடலாமா?

கடையில் 'கேஸ்கெட்' என்று கேளுங்கள். ஃப்ரீசரின் உள்சுவரிலோ பின்னாலோ ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். கம்பெனி ரப்பர் கிடைத்தால் அதுதான் நல்லது. கிடைக்காத பழைய மாடல்களுக்கு அளவு கொடுத்தால் பட்டையை வெட்டி, மூலைகளைச் சூட்டில் ஒட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் அளவை மட்டும் சொல்லாமல் பழைய ரப்பரையே கொடுத்துவிடுங்கள், பின்பக்க வடிவம் மாறினால் பள்ளத்தில் உட்காராது. வாங்கும்போது நான்கு மூலையின் ஒட்டையும் விரலால் இழுத்துப் பாருங்கள்.

போடும் முறை இரண்டு. பழைய ரப்பரின் உள் விளிம்பைத் தூக்கிப் பாருங்கள். ஸ்க்ரூ எதுவும் தெரியாமல் பள்ளத்தில் செருகியிருந்தால் நீங்களே போடலாம்: மூலையிலிருந்து பழையதை உருவி, பள்ளத்தைக் கழுவிக் காயவிட்டு, புதியதை முதலில் நான்கு மூலையிலும் செருகி, பிறகு நடுப்பகுதிகளை அழுத்திக்கொண்டு வாருங்கள். ஒரு மூலையில் தொடங்கிச் சுற்றிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு பக்கம் நீளம் மிஞ்சும்.

வரிசையாக ஸ்க்ரூ இருந்தால் அவை ரப்பரோடு சேர்த்துக் கதவின் உள்பலகையையும் பிடித்திருக்கும். எல்லாவற்றையும் கழற்றினால் பலகை கையோடு வந்துவிடும், கதவும் முறுக்கிக்கொள்ளும். தளர்த்தினால் போதும். பழையதை உருவிப் புதியதை இடுக்கிலே நுழைத்து, லேசாக இறுக்கி, கதவைச் சாத்திப் பார்த்து, முறுக்கல் இருந்தால் கையால் சரி செய்துகொண்டே முழுசாக இறுக்க வேண்டும். இது பழகிய கைக்கு உள்ள வேலை. கூலி கொடுத்துச் செய்வதில் நட்டமில்லை.

இரவு முழுக்கக் கதவு திறந்து கிடந்தது. மீனை என்ன செய்வது?

தொட்டுப் பாருங்கள். நடுவில் இன்னும் ஐஸ் இறுகியிருந்தால் மறுபடி உறைய வைக்கலாம், ருசி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். முழுக்க இளகி, ஆனால் ஃப்ரிட்ஜ் அளவு சில்லென்று இருந்தால் அன்றைக்கே குழம்பு வைத்துவிடுங்கள். சில்லிப்பும் போய் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால் எறிந்துவிடுங்கள். வாசனையை நம்பாதீர்கள். சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன்களில் சூட்டில் உண்டாகும் ஹிஸ்டமின் கொதிக்க வைத்தாலும் போகாது, திரும்ப உறைய வைத்தாலும் போகாது.

கரன்ட் போனால் எவ்வளவு நேரம் தாங்கும்?

நிறைந்த ஃப்ரீசர், கதவு நன்றாக ஒட்டியிருந்து திறக்காமல் வைத்தால் ஏறக்குறைய 48 மணி நேரம். பாதி நிறைந்தது 24 மணி நேரம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தபோது கடலூரில் எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்று நினைவிருப்பவர்கள், ஐப்பசி பிறப்பதற்குள் ஒருமுறை நோட்டுச் சோதனை செய்துவிடுங்கள்.

புது ரப்பர் போட்டாகிவிட்டது. ஒரு மூலை மட்டும் ஒட்டவில்லை. மீனை ஏற்றலாமா?

பெட்டியில் மடித்து வந்த ரப்பர் அப்படித்தான் இருக்கும். போடுவதற்கு முன்பே சுடுதண்ணீரில் முக்கியோ கொஞ்ச நேரம் வெயிலில் விரித்தோ மடிப்பை எடுத்திருக்கலாம். இப்போது சுடுதண்ணீர்த் துணி வைத்து நிமிர்த்தி, கைப்பிடிப் பக்கம் பேக்கிங் டேப் ஒட்டி ஒரு நாள் அப்படியே விடுங்கள். அடுத்த நாளும் நோட்டு வழுக்கினால் கீலையும் கால்களையும் மறுபடி பாருங்கள்.

நாலு பக்கமும் நோட்டு பிடித்த பிறகு ஏற்றுங்கள், அதுவும் மொத்தமாக அல்ல. 200 லிட்டர் ஃப்ரீசருக்கு ஒரு நாளைக்கு எட்டுப் பத்துக் கிலோ புது மீன் போதும். அதற்கு மேல் ஏற்றினால் நடு மீன் உறைய நேரமாகும், ஏற்கெனவே உறைந்ததும் இளகத் தொடங்கும். துண்டுகளைத் தட்டையாகப் பரப்பிக் கட்டி, ட்ரேயின் விளிம்பைத் தாண்டாமல் வையுங்கள்.